மனுவுக்கு மறுமொழி எங்கே?

"வாத்தியாரய்யா, ஒரு மனு எழுதித் தரணும்" என்று யாராவது பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால், "யாருக்கு?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "நகல் எடுக்கக் காசு இருக்கிறதா?" என்றுதான் கேட்பேன். வந்தவர் முகம் சற்றுச் சுருங்கும். மனிதர் எதற்கும் காசு கேட்பார் போலிருக்கிறதே என்று மனத்துக்குள் நினைத்தும் கொள்வார். காரணம் இல்லாமல் நான் அப்படிக் கேட்பதில்லை, நேயர்களே. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

நான் முதன்முதலில் பணியாற்றிய தோட்டத்தில், 2006-ஆம் ஆண்டு, குடிதண்ணீர் பழுப்பு நிறத்தில் வந்துகொண்டிருந்தது. ஆற்று நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்பி லயங்களுக்கு விடுவார்கள். வடிகட்டும் கருவி கெட்டு நான்கு மாதமாகியும் அதைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தே எந்த லயத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். குழாயின் கடைக்கோடியில் இருந்த லயத்துப் பிள்ளைகளின் சட்டை தேத்தண்ணி நிறத்தில் இருக்கும்.

பெற்றோர் கேட்டுக்கொண்டதால் நான் ஒரு மனு எழுதினேன். மலாயில் அதற்குச் சூராட் ராயுவான் என்று பெயர். ராயுவான் என்றால் மன்றாட்டு. பெயருக்கேற்ப நானும் முதல் பக்கம் முழுவதும் மன்றாடிவிட்டு, இரண்டாம் பக்கத்தில்தான் தண்ணீருக்கே வந்தேன். அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது, பால்வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்.

"தண்ணிக்கு மாசாமாசம் சம்பளத்துல காசு பிடிக்கிறாங்க. பிடிச்ச காசுக்குத் தண்ணி கேக்கிறதுக்கு ஏன் வாத்தியாரே காலப் பிடிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை. படித்தவன் எழுதியதல்லவா! 62 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். இருந்த ஒரே தாளைத் தோட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். ஆனால் அந்த மனுவைக் கொண்டுபோன இருவருக்கு மட்டும் வேலைக்காடு மாறியது. அவர்கள் விடிவதற்கு முன்பே மூன்று கல் தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. இல்லாத கடிதத்தில் இருந்த பெயர்கள் மட்டும் மண்டோருக்குத் தெரிந்திருந்தன.

கையெழுத்துப் போட நம் மக்கள் தயங்கினால், "இவர்களுக்கு ஒற்றுமையே கிடையாது" என்று பட்டணத்து அன்பர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்வது எளிது. பேனாவைப் பிடிப்பவன் தன் வீட்டையும் வேலையையும் அந்தத் தாளின்மேல் வைக்கிறான். இந்த அச்சம் நேற்று முளைத்ததும் அல்ல.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். அன்று அவர்கள் வைத்த கோரிக்கைகளில் நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் உண்டு. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், உறவினர் வந்து போகத் தடை கூடாது என்று கேட்டார்கள். ஆனால் என்னை உலுக்கியவை வேறு இரண்டு. ஒன்று, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது. மற்றொன்று, குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பது.

இரண்டாவதை மறுபடியும் படியுங்கள். மனுக் கொடுப்பதற்கே ஒரு மனு! நம் பாட்டன்மார் எதற்கு அஞ்சினார்கள் என்பதும், அஞ்சிக்கொண்டே என்ன செய்தார்கள் என்பதும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன.

மறுமொழி என்னவாக வந்தது? நாளுக்குச் சில காசு கூலி உயர்ந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பலர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் வந்திறங்கி, சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தார்கள். துரைமார் யாரும் அவர்களைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னதாக வரலாறு இல்லை!

இது நிற்க. அந்தத் துரைமாரின் சொந்த நாட்டிலும் ஏழைகளின் மனுவுக்கு முதல் நாளே மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. 1842-இல் சாசன இயக்கத்தார் என்ற பிரிட்டிஷ் தொழிலாளர்கள், 30 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளோடு ஒரு மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்குச் சுமந்து சென்றார்கள். அந்தக் காகிதச் சுருள் வாசலில் நுழையாமல் பிரித்தெடுத்துக்கொண்டு போனார்கள். மன்றம் அதைத் தள்ளிவிட்டது. அவர்கள் கேட்டவை ஆறு. அவற்றுள் நாடாளுமன்ற உறுப்பினராகச் சொத்து வேண்டும் என்ற விதி 1858-இல் நீங்கிற்று. ரகசிய வாக்கெடுப்பு 1872-இல் வந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911-இல் வந்தது. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் காலப்போக்கில் சட்டமாகிவிட்டன. மனுவைச் சுமந்து போனவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

நம் தோட்டத்துக்கு வருவோம். 2007-இல் இரண்டாம் மனு எழுத உட்கார்ந்தோம். இம்முறை அந்தப் பெரியவர் சொன்னபடி எழுதினேன். கண்ணகி பாண்டியன் அவைக்குக் கையேந்திக்கொண்டா போனாள்? சிலம்பை அல்லவா எடுத்துக்கொண்டு போனாள்! அதை உடைத்தபோது முத்து தெறித்திருந்தால் வழக்கு அவளுக்கு எதிராகப் போயிருக்கும். மாணிக்கப் பரல் தெறித்ததால்தான் மன்னன் வாய் அடைபட்டது. நம்முடைய மாணிக்கப் பரல் எது என்று தேடினோம். சம்பளச் சீட்டு கிடைத்தது. தண்ணீருக்கு எத்தனை வெள்ளி பிடித்தார்கள் என்று அதில் அச்சாகவே இருந்தது. கருவி கெட்ட தேதி, பிடித்த தொகை, சரிசெய்ய வேண்டியது என்ன, 14 நாளில் எழுத்து மூலம் மறுமொழி தேவை என்று நான்கே வரிகளில் எழுதினேன். பள்ளிக்கு வரும் வழியில் இருந்த பலகைப் பாலத்தைப் பற்றி இன்னொரு பத்தியும் சேர்த்தோம். மழைக்காலத்தில் பிள்ளைகளை நான்தான் ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கடத்திவிடுவேன்.

மனு ஆயத்தமாயிற்று. யார் முதலில் கையெழுத்துப் போடுவது? பெயர்களை வட்டமாக எழுதினால் முதல் ஆள் யாரென்று தெரியாது, அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று நான் யோசனை சொன்னேன். (அரசாங்கச் சம்பளம் வாங்கும் நான் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். யோசனை சொல்ல மட்டும் முன்னால் நின்றேன்.) அப்போது ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்து ஓய்ந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்தார். அதே தோட்டத்தில் பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போய்விட்டது. பாட்டி தங்கிவிட்டார். கடைசிவரையில் சிவப்பு அடையாளக் கார்டுதான்.

"எனக்கு வேலையும் இல்ல, ஓட்டும் இல்ல. என்கிட்டேருந்து எதை எடுத்துக்குவாங்க? கொண்டாங்க மையை" என்று பெருவிரலை நீட்டினார்.

அவருக்குப் பின்னால் 70 பேர் கையெழுத்திட்டார்கள். ஐந்து நகல்கள் எடுத்தோம். தோட்ட அலுவலகம், தொழிலாளர் இலாகா, சுகாதார இலாகா, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் ஆகிய நான்கு இடத்திலும் கொடுத்து, எங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ரப்பர் முத்திரையையும் தேதியையும் கேட்டு வாங்கினோம். முத்திரை குத்த ஓரிடத்தில் முனகினார்கள். நாங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாவது வாரம் சுகாதார அதிகாரி வந்து போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார். ஏழாவது வாரம் வடிகட்டும் கருவி ஓடியது. பாலத்துக்கு மட்டும் மறுமொழி இல்லை.

அந்த ஆண்டு நாட்டிலும் மனுக் காலமாகவே இருந்தது. நவம்பர் 25-ஆம் தேதி ஹிண்ட்ராஃப் அமைப்பினர் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனுவைக் கொடுக்க மக்களைத் திரட்டினார்கள். ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கூடியவர்களைக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வரவேற்றன. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். மனுவில் எழுதியிருந்த எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. லண்டன் மகாராணியார் வந்து நம் லயத்துக் கூரையை மாற்றப் போவதில்லை. ஆனால் ஒரு மனுவை வாங்கி வைத்துக்கொள்ள மறுத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை 2008 மார்ச் 8-ஆம் தேதி காட்டிற்று. ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு தோற்றார். அந்தத் தீர்ப்புக்குக் காரணங்கள் பல உண்டு. அந்த மனுவும் அவற்றுள் ஒன்று என்பதை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை.

அந்தத் தேர்தலுக்கு முன்பு எங்கள் தோட்டத்துக்கும் வேட்பாளர் வந்தார். எங்கள் மனுவில் சேவை மையம் முத்திரை குத்தியதே, அதே சட்டமன்ற உறுப்பினர்தான். கோயில் கொட்டகையில் கூட்டம். "பாட்டி, ஓட்டு நமக்குத்தானே?" என்று குனிந்து கேட்டார். பாட்டி இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தார். சிவப்புக் கார்டோடு மடித்து வைத்திருந்த மனுவின் நகல் வெளியே வந்தது.

"எனக்கு ஓட்டு இல்லீங்கய்யா. கைநாட்டு இருக்குது. இதுக்குப் பதில் வரலையே?"

அவர் வாங்கிப் படித்தார். தம் மையத்தின் முத்திரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உதவியாளரையும் ஒரு பார்வை பார்த்தார். "கவனிக்கிறேன் பாட்டி" என்றார். "எப்பன்னு அதுலேயே எழுதிக் குடுத்துடுங்க" என்றார் பாட்டி. கொட்டகையில் சிரிப்பு. ஆனால் அவர் சிரிக்காமல் தாளின் பின்புறம் ஒரு தேதி எழுதிக் கையொப்பமிட்டார். அவர் வென்றாரா தோற்றாரா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சிமெண்டுப் பாலம் 2009-இல் வந்தது.

சைக்கிளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 2008 டிசம்பரில் ஜெரிட் என்ற ஒடுக்கப்பட்டோர் கூட்டமைப்பின் இளைஞர்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சைக்கிள் மிதித்துக்கொண்டு நாடாளுமன்றம் வரை வந்து மகஜர் கொடுத்தார்கள். வழியில் தடைகளும் கைதுகளும் நேர்ந்தன. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேண்டும், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தை நீக்க வேண்டும், ஊராட்சி மன்றத் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்பவை அவர்கள் கேட்டவற்றுள் சில. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்து, 2025-இல் 1,700 வெள்ளியானது. ஊராட்சி மன்றத் தேர்தல் வரவில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் பிறரும் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். மிதித்தவர்களால் மட்டுமே வந்தது என்று நான் எழுதினால் மற்றவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 1941-இல் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சைக்கிளிலேயே நாடாளுமன்ற வாசலுக்குப் போனதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சென்ற மாதம் மீண்டும் ஒருவர் பள்ளி வாசலுக்கு வந்தார். இப்போது நான் இருப்பது வேறு தோட்டம். செம்பனை அழிந்து வீடமைப்புத் திட்டம் வரப் போகிறதாம். லயத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு விலை என்று எந்தத் தாளிலும் இல்லை. மனுவில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறோம். கொடுத்த வாக்கைத் தேதியோடு எழுத்தில் தர வேண்டும், அவ்வளவுதான். 34 வீடுகளில் 31 வீட்டார் கையெழுத்திட்டார்கள். மூன்று வீட்டார் போடவில்லை. அதில் ஒருவரின் மகன் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறான். அவரிடம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நகல் எடுக்கும் காசை அவர்களே வசூலித்துக்கொண்டார்கள். முத்திரையும் வாங்கிவிட்டார்கள். 14 நாள் கெடு. இதை எழுதும் இன்று ஒன்பதாவது நாள்.