ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள்

வானொலியில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு: ஃபேடரைச் சட்டென்று ஏற்றாதே, கேட்பவர் காது போய்விடும். பத்து வருடம் கழித்து, வீட்டில் வைத்த பவளத் தொட்டியில் அதை மறந்துவிட்டேன்.

தொட்டி சிறியதுதான். எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர், 27 லிட்டர். உள்ளே இரண்டு தலை கொண்ட ஒரு ஹேமர் பவளம். புது எல்இடி விளக்கு வந்த அன்றே செயலியில் எல்லா நிறத்தையும் 100 விழுக்காட்டுக்குத் தள்ளினேன். கொடுத்த காசுக்கு முழுசாகப் பயன்படுத்த வேண்டாமா? நான்கே நாளில் அதன் விரல்கள் சுருங்கின. அடுத்த வாரம், “அப்பா, ஏன் இது வெள்ளையாப் போச்சு?” என்றாள் மகள்.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் மிஞ்சினால் அந்தப் பாசியே நஞ்சாகிவிடும். பவளம் அதை வெளியே தள்ளிவிடும். நிறம் போகும். பிறகு பட்டினிதான்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட். அதை நம்பி வாங்காதீர்கள். பவளத்துக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதைச் சொல்வது ‘பார்’ என்ற அளவு. ஹேமருக்கும் மென்பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா கேட்பதோ 200க்கு மேல். எதை வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு விளக்கு வாங்கப் போங்கள். இரண்டையும் ஓரடித் தொட்டியில் வைக்க நினைப்பது வெறும் ஆசை.

நிறம் அடுத்தது. கடல்நீரில் சிவப்பு சில மீட்டரிலேயே கரைந்துவிடும். தெளிந்த நீரில் ஆழம் வரை போவது நீலம். அதனால் 420 முதல் 470 நானோமீட்டர் வரையிலான நீலம் நிறைந்த விளக்காகப் பாருங்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க முடிய வேண்டும். நன்னீர்ச் செடித் தொட்டி விளக்கு மலிவுதான், இங்கே உதவாது. (நீலம் கூடியதும் அம்மா கேட்டது: “வீட்டுக்குள்ள என்னடா டிஸ்கோ?”)

நம் ஊர்ச் சூட்டையும் மறக்க முடியாது. எல்இடி பழைய மெட்டல் ஹாலைடு போலத் தண்ணீரைக் கொதிக்க விடாது என்றாலும், வீவக வீட்டில் மதியம் நீர் 30 பாகையைத் தொட்டுவிடும். நீர்ப்பரப்பில் காற்று வீசும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் ஓரிரு பாகை குறையும். நீர் ஆவியாகி உப்பு ஏறும். தினமும் வடிகட்டிய நன்னீர் ஊற்றி ஈடுசெய்ய வேண்டும்.

விளக்கை 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கினேன். 30 விழுக்காட்டிலிருந்து, வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றினேன். காலை நிகழ்ச்சி முடித்து வந்து பார்க்க வசதியாக, நண்பகல் தொடங்கி இரவு எட்டு வரைதான் எரியும்.

ஒரு தலை போய்விட்டது. மற்றதில் மூன்றாம் மாதம் பழுப்பு படரத் தொடங்கியது. முதலில் கவனித்தது மகள்தான்.