குள்ளரும் அவர்தம் வகைகளும்

நமது கல்லூரி விடுதி மாணவர் சிலர், ஞாயிறுதோறும் மாலையில் மேசையொன்றைச் சூழ்ந்தமர்ந்து, இருபது முகமுடைய பகடையை உருட்டிக் கதை கட்டி ஆடும் ஆட்டமொன்றில் பெரிதும் ஈடுபட்டிருத்தலை அன்பர்கள் அறிந்திருக்கலாம். ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரால் இயற்றி வெளியிடப்பெற்றது. ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் புனைந்துகொண்டு, நடுவர் உரைக்கும் கதையினூடே செல்வர். யானும் ஒருநாள் அருகிருந்து நோக்கினேன். ஆங்கெழுந்த வழக்கொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

குள்ளனாக ஆட விரும்பிய மாணவர் ஒருவரை நோக்கி, ‘உம் குள்ளன் குன்றக்குள்ளனா, மலைக்குள்ளனா?’ என்று வினவினார் மற்றொருவர். (ஈண்டுக் குள்ளர் என்றது கற்பனைக் குலத்தாரையே, உயரங் குறைந்து பிறந்த நம்மனோரை அன்று.) இரண்டற்கும் வேற்றுமை யாதெனின், அவர்கள் கைக்கொண்ட 2014-ஆம் ஆண்டு விதிநூல் விடை பகர்கின்றது. இருதிறத்தாரும் இருளிற் காண்பர், நஞ்சைத் தாங்குவர். குன்றக்குள்ளனுக்கு விவேகத்தில் 1 புள்ளி மிகுதி. உயிர்வலியும் சிறிது கூடும். மலைக்குள்ளனுக்கு உடல்வலியில் 2 புள்ளி மிகுதி. அன்றியும், இலகுவானவும் நடுத்தரமானவும் ஆகிய கவசங்களைப் பூணும் பயிற்சி அவனுக்குப் பிறப்பிலேயே உண்டு. பாதாளத்தில் உறையும் ‘டூர்கர்’ என்னும் சாம்பல்நிறக் குள்ளர் வேறொரு வகையினர்.

பிறப்பிலேயே பயிற்சி! வலிமை பிறப்போடு வருவதென்றால் ஒருவாறு ஒப்பலாம். கவசம் பூணும் வித்தை குருதியில் எங்ஙனம் ஓடும்? தொழிலைப் பிறப்பின்மேல் ஏற்றித் தலைமுறை தலைமுறையாய் மக்களைத் துன்புறுத்திய நாடு நம் நாடு. ‘மலைக்குள்ளன் படைக்கே உரியவன், குன்றக்குள்ளன் பூசைக்கே உரியவன்’ என்று ஒரு மாணவர் முகமலர்ந்து உரைத்தபோது, அச்சொல்லை யான் வேறெங்கோ கேட்டதுபோலத் தோன்றிற்று. விளையாட்டுத்தானே எனலாம். ஆயினும் வினவாது ஏற்கும் பழக்கம் விளையாட்டிலும் வளர்வதன்றோ?

குள்ளரை வகைசெய்தல் தமிழர்க்குப் புதிதன்று. மிகக் குறியவனைக் குறளன் என்றும், அவனினும் சிறிது நெடியவனைச் சிந்தன் என்றும் வழங்குதல்போல, இருசீரடி குறளடியென்றும் முச்சீரடி சிந்தடியென்றும் பெயர்பெற்றன என்பர் யாப்பிலக்கண உரையாசிரியர். அஃது அளவுபற்றிய பகுப்பேயன்றிக் குணம்பற்றியதன்று.

இதனினும் நுட்பமான பகுப்பை நம் சிற்பிகள் செய்துவைத்துள்ளனர். புதுக்கோட்டைக்கு வடமேற்கே நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீச்சுரத்திற்கோ, இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கோ செல்வார், கூரைவிளிம்பின் கீழே பூதகணங்கள் வரிசையாய் அமைந்திருத்தலைக் காண்பர். பூதவரி என்பது அதன் பெயர். இத்தகைய வரிகளில் எல்லாம் ஒரே குறிய உடல், ஒரே பருத்த வயிறு. ஆயின், ஒன்று மத்தளம் கொட்டும், ஒன்று தாளமிடும், ஒன்று கூத்தாடும், ஒன்று வாய்விட்டு நகும். பிறப்பால் ஓரினம், செயலால் பற்பலர். மத்தளம் கொட்டும் பூதத்தின் மகனும் மத்தளமே கொட்டவேண்டும் என்று எந்தச் சிற்பியும் விதித்தானில்லை.

குள்ளவுருவம் யாவும் பூதமென்று கொள்ளுதலும் பிழையாம். குபேரனுடைய சங்கநிதியும் பதுமநிதியும் குள்ளரே. பூதமும் சங்கேந்தும், சங்கநிதியும் சங்கேந்தும். பூதம் அதனை ஊதும், நிதிக்கோ அது செல்வத்தின் அடையாளம். ஆடவல்லான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனும் அத்துணை உயரத்தினனே. கோலை வைத்து அளந்தால் இம்மூவரும் ஒருவரே ஆவர். ஏந்தியது யாது, இருக்குமிடம் யாது, யார்பொருட்டு இருக்கின்றான் என்று வினவினாலன்றி வேற்றுமை புலப்படாது.

2024-ஆம் ஆண்டின் புதிய விதிநூல் குன்றம், மலை என்னும் பகுப்பை நீக்கிவிட்டது. பண்டு குன்றக்குள்ளனுக்கே உரியதாயிருந்த உயிர்வலியை எல்லாக் குள்ளர்க்கும் பொதுவாக்கிற்று. திறமைப் புள்ளிகள் இப்பொழுது பிறப்பினின்று வாராமல், பாத்திரத்தின் முன்வாழ்க்கையினின்றே வருகின்றன. இதனை யான் மனமார வரவேற்கின்றேன். ‘அங்ஙனமாயின் குள்ளர் அனைவரும் ஓரச்சில் வார்த்தவராகிச் சுவை குன்றுமே’ என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. வேற்றுமை வேண்டற்பாலதே. அதனை விதிநூலின் அட்டவணையில் தேடாது, அக்குள்ளன் வளர்ந்த ஊர், கற்ற தொழில், பட்ட கடன், பாடும் பாட்டு ஆகியவற்றில் ஆடுவோரே படைத்துக்கொள்ளலாம். பூதவரியைச் செதுக்கியவர்க்கு இயன்றது விடுதி மாணவர்க்கு இயலாதோ?

மேற்கூறிய மாணவரை நார்த்தாமலைக்கு அழைத்துச் சென்றேன். மறு ஞாயிறு அவருடைய குள்ளன் தோளில் மத்தளம் ஒன்று ஏறியிருந்தது. அதற்கு எத்துணைப் புள்ளி தருவதென்று நடுவர் இன்னும் துணிந்தாரில்லை.