பட்டியலில் இல்லாதவர்கள்

'முறையியல் என்பது ஆய்வாளரின் தொழில்நுட்பப் பிரச்சினை. இதில் இலக்கியக்காரருக்கு என்ன வேலை?' என்று விரிவுரையாளரான நண்பரொருவர் கேட்டார். வேலை இருக்கிறது. அனர்த்தமொன்றின் பின் யாரிடம் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது, யாரை அனுப்பிக் கேட்பது என்று தீர்மானிப்பவரே, யார் பாதிக்கப்பட்டவர் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார். அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லித் தப்பிக்க நான் விடப்போவதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். 2005 மார்ச்சில், நிறுவனமொன்றுக்காகக் கரையோரக் கிராமத்தில் நான் வினாக்கொத்துத் தூக்கினேன். மாதிரி எடுத்தது நிவாரணப் பட்டியலிலிருந்து. ஆய்வின் கேள்வியோ, நிவாரணம் எல்லோருக்கும் கிடைத்ததா என்பது! கிடைத்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கிடைத்ததா என்று கேட்டால் என்ன விடை வரும்? அதுவே வந்தது. வண்ண வரைபடங்களோடு கொழும்பில் வெளியிட்டார்கள். தேநீரும் கொடுத்தார்கள்.

ஒரு வீட்டுவாசலில் நின்று 'குடும்பத் தலைவர் இருக்கிறாரா?' என்றேன். மறைப்புக்குப் பின்னாலிருந்து, 'அவர் மௌத்து தம்பி, நான் இத்தாவில இருக்கன்' என்றது ஒரு குரல். நான்கு மாதமும் பத்து நாளும் அந்தப் பெண் அந்நிய ஆணின் முன் வரமாட்டார். களத்துக்குப் போன நாங்கள் ஏழு பேரும் ஆண்கள். எங்களுக்குத் தந்த அறிவுறுத்தலின்படி 'பதிலளிப்பவர் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று மட்டும் அப்படி மூன்று வீடுகள். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர், கடற்கோள் ஆய்வில் இல்லாமற் போனார். மாற்றி எடுத்த வீடுகள் எத்தனை என்பது அறிக்கையின் பின்னிணைப்பிலும் இல்லை. ஒரு பெண்ணை அனுப்பியிருக்கலாம். மே மாதம் வரை பொறுத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது. ஏப்ரலில் அறிக்கை வேண்டும் என்றார்கள்.

இந்தக் 'குடும்பத் தலைவர்' என்ற சொல் செய்த வேலை கொஞ்சமல்ல. எங்கள் கிழக்கிலே வீடு பெண்ணுடையது. மகளுக்குச் சீதன வீடு கட்டியே வாப்பாமாரும் காக்காமாரும் ஓய்ந்துபோகிறார்கள் (அந்தக் கொடுமையை வேறொரு நாள் பேசலாம்). அப்படிப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, பதிலுக்குக் கட்டிய வீடு பல இடங்களில் 'தலைவர்' என்று ஆணின் பெயருக்குப் போனது. எங்கள் வினாக்கொத்தில் இழந்த வீட்டின் பரப்பளவுக்குக் கட்டம் இருந்தது. அது யாருடையது என்று கேட்கக் கட்டம் இல்லை. மருதமுனைத் தறிகளின் கதையும் இப்படித்தான். தறி வைத்திருந்தவரின் நட்டத்தைக் கேட்கலாம். வீட்டிலிருந்து நூல் சுற்றிக்கொடுத்த பெண் எந்தக் கட்டத்துக்குள் வருவாள்?

இப்படிச் சொன்னதும் மறுதரப்பு நண்பர்கள் மகிழ்வார்கள்: 'அதற்குத்தான் எண்களை விட்டுக் கதைகளைக் கேள் என்கிறோம்.' அவர்கள் கேட்டதையும் பார்த்தேன். பள்ளிவாசல் மண்டபத்தில் குழுக் கலந்துரையாடல். நம்பிக்கையாளர் பேசினார், ஓய்வுபெற்ற அதிபர் பேசினார், வலை முதலாளி நீண்ட நேரம் பேசினார். கரைவலை இழுக்கும் கூலியாள் தன் முதலாளியை முன்னால் வைத்துக்கொண்டு எதைச் சொல்வான்? அதன் பெயரும் 'சமூகத்தின் குரல்'தான். தவிரவும், கச்சேரியில் கதைக்கு மதிப்பில்லை. இத்தனை விதவைகள், இத்தனை உறுதிகள் என்று எண் வைத்தால்தான் கோப்பு அசையும். ஆகவே எண்ணை நான் விடச் சொல்லவில்லை. எதை எண்ணுவது என்பதை முதலில் மறைப்புக்குப் பின்னால் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள் என்கிறேன். பட்டியலில் விடுபட்டவர் யார் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். இதற்கு நாளெடுக்கும், பணமும் வேண்டும். வரைபடத்துக்கும் மண்டபத்துக்கும் பணம் இருந்ததே!

2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சரித்தது. லயன் அறையில் தலைமுறைகளாக இருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் காணி உறுதி இல்லை. நண்பர் அங்கே ஆய்வுக்குப் போகிறார். பார்த்துச் சொல்லும்படி வினாக்கொத்தை அனுப்பியிருக்கிறார். முதலாவது கேள்வி: 'குடும்பத் தலைவரின் பெயர்.' இரண்டாவது: 'காணி உறுதி இலக்கம்.'