செட் ஆகுமா, ஆகாதா?

"மச்சி, இந்த ஹேர்ஸ்டைல் உனக்கு செட் ஆகலடா!" "அண்ணே, ஒரு செட் தோசை!" "அவன் எங்க செட்டு!" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த 'செட்'டைப் போட்டுத் தாக்குகிறோம்! ஆனால், இன்டர்வியூவில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே 'ஆல் செட்?' என்று கேட்டால் மட்டும் திருதிருவென முழிக்கிறோம். 'எல்லாம் ரெடியா?' என்றுதான் கேட்கிறார் பாஸ்!

பயப்படுவதிலும் நியாயம் இருக்கு. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான விளக்கம் இந்தக் குட்டி வார்த்தைக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 அர்த்தங்கள்! பின்னாளில் 'ரன்' என்ற சொல் 645 அர்த்தங்களோடு அதை முந்திவிட்டது.

அத்தனையையும் மனப்பாடம் பண்ணணுமா? வேண்டவே வேண்டாம்.

தமிழில் 'அமர்' என்றால் தானே உட்காருவது. 'அமர்த்து' என்றால் இன்னொன்றை உட்கார வைப்பது. இங்கிலீஷில் 'சிட்', 'செட்' இரண்டும் அதே மாதிரி ஜோடிதான். அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பது என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அலாரத்தை செட் பண்ணுகிறோம். உடைந்த எலும்பை டாக்டர் செட் பண்ணுகிறார். ஜெல்லி இறுகி செட் ஆகிறது. மேற்கே போய் சூரியனும் செட் ஆகிறது!

அப்போ செட் தோசை? அது வேற குடும்பம். 'கூட்டம், தொகுப்பு' என்ற அர்த்தம் தரும் 'செட்', லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். கணக்குப் புத்தகத்தில் வரும் 'செட்'டும் இதே ரகம்தான்.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 'ஆஃப்' சேர்ந்தால் பயணம் கிளம்புவது. 'இன்' சேர்ந்தால், மழைக்காலம் மாதிரி ஒன்று வந்து நிலைப்பது. 'அப்' சேர்ந்தால் கடையோ கம்பெனியோ தொடங்குவது. கொஸ்டின் பேப்பரை செட் பண்ணினால் வினாத்தாள் தயாரிப்பது.

இன்னொரு விஷயம். இன்றைக்கும் செட், நேற்றைக்கும் செட். 'செட்டட்' என்று எழுதினால் மார்க் போச்சு!

இது நமக்குப் புதுசா என்ன? மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, அவளைப் பிடிக்கிறது. 'பிடி'க்கு யாராவது பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோமா? வாக்கியம் வாக்கியமாகக் காதில் விழுந்தது, தானாக ஒட்டிக்கொண்டது. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தயங்க வேண்டியதே இல்லை. ஒரு மொழியைக் கற்ற வித்தை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கு.

இனிமேல் நோட்டில் ஒரு சொல், எதிரே ஒரு அர்த்தம் என்று எழுதாதீர்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். இந்த வாரம் ஆங்கிலப் பேப்பரில் 'செட்' வருகிற 5 வாக்கியங்களைப் பிடியுங்கள் பார்ப்போம்!