பயிற்சிச் செலவுக்கு வரிச் சலுகை: நமக்கு எட்டுமா?

கரும்பு வெட்டு ஓய்ந்த காலத்தில் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்து நம் இளைஞர்கள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் பெக்கோ ஓட்டப் பழகுகிறார், இன்னொருவர் வயரிங் படிக்கிறார். பணத்துக்கு உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிறது. அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளை தொழில் தெரிந்தவராக வேலைக்கு வரும்போது, அவரை எடுக்கும் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. நிரந்தர ஊழியரைப் பயிற்றினால் கம்பனி அதைச் செலவாகக் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தால் அந்தத் தலையிடியே இல்லை.

ஆகவே ஒப்பந்தத் தொழிலாளரின் பயிற்சிச் செலவுக்கும் வரிச் சலுகை கேட்போம் என்று உறுப்பினர் சிலர் சொல்கிறார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் கேட்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படியொரு சலுகை இந்நாட்டில் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை, தமக்கும் பிள்ளைகளுக்கும் உள்நாட்டில் செலவிட்ட தொழிற்கல்விச் செலவை, வைத்தியச் செலவு, வீட்டுக் கடன் வட்டி முதலியவற்றோடு சேர்த்து, ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை நீக்கிவிட்டது. அது இருந்த நாளில் நம்மில் யாருக்காவது பயன்பட்டதா? அந்தக் காலத்தில் மாதம் இரண்டரை இலட்சம் வரை உழைத்தவருக்கு வருமான வரியே கிடையாது. வரி இல்லாதவர் எதிலிருந்து கழிப்பது?

இன்றும் நிலை அதுதான். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750தான். அது இரண்டு மடங்கானாலும் வரி எல்லைக்குப் பாதித் தூரம்கூட வராது.

பயிற்சிக் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய சலுகை திரும்பி வந்தால், 36 வீத வரிப் படியில் இருக்கும் பெரிய உத்தியோகத்தருக்கு 21,600 ரூபாய் மிச்சம். 6 வீதப் படியில் இருப்பவருக்கு 3,600. காப்பை அடகு வைத்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்து வருமான வரியும் கட்டுகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சலுகை வரட்டும், நாம் தடுக்கவில்லை. நம் கோரிக்கை அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே நம் கருத்து.

வரி கட்டாதவனுக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்பார்கள். 18 வீத வற் வரி போட்ட சாமானைக் கடையில் வாங்கும்போது நாம் கட்டுவது என்னவாம்?

வேறு வழியும் உண்டு. சிங்கப்பூரில் 2016 முதல் 25 வயதைக் கடந்த பிரஜைகளுக்குப் பயிற்சிக்கென்று 500 டொலர் கணக்கில் வைத்தார்கள். வரி கட்டுகிறவரா இல்லையா என்று பார்த்து அதைக் கொடுக்கவில்லை. நாம் கேட்க வேண்டியதும் இதைப் போன்றதுதான்: வரி எல்லைக்குக் கீழுள்ள தொழிலாளி என்.வி.கியூ சான்றிதழ் பெற்றதும் கட்டணம் அவர் கைக்குத் திரும்ப வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரைப் பயிற்றினாலும் கம்பனி அதைச் செலவாகக் காட்டத் தெளிவான விதி வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளமும் வேண்டும், இல்லையேல் இலவசப் பயிற்சிக்கும் நம்மால் போக முடியாது.

வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய தொழிலைக் காட்டி என்.வி.கியூ பெறவும் முறை இருக்கிறது. அதற்கு வேலை செய்ததற்கான அத்தாட்சி வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தால் கடிதம் தருவது யார்? பத்து வருடம் ட்ரெக்டர் ஓட்டியவரிடமும் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஆகவே ஒவ்வொரு பருவ முடிவிலும் சேவைக் கடிதம் கொடுப்பதை ஒப்பந்தக்காரருக்குக் கட்டாயமாக்க வேண்டும். அரசாங்கத்துக்கு இதில் பணச் செலவும் இல்லை.

அடுத்த வரவு செலவுத்திட்டத்துக்கு முன் இவற்றை எழுத்தில் கொடுக்கவிருக்கிறோம். வெறும் பேச்சாகக் கொடுத்தால் கோப்பில் தூங்கும். பயிற்சிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாதவர்கள் படித்த இடத்தில் இப்போதே கேட்டு வாங்குங்கள்.