பெஞ்ச்ல மட்டும் உட்கார வைக்காதீங்க: பேஸ்பால் இளம் ஹிட்டர்கள் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

நைட் டியூட்டி பார்க்கிற டாக்டருக்குன்னே ஒரு விளையாட்டு இருக்குன்னா அது அமெரிக்க பேஸ்பால்தான். அங்கே கிழக்குக் கரையில மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் மேட்ச் நமக்கு விடிகாலை நாலரை. கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்கி, சிஸ்டர் டீ போட்டுக் கொடுக்கிற நேரம். போன்ல சவுண்டைக் குறைச்சு வச்சுட்டு பல வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன்.

"டெங்கு பத்தி எழுதுங்க டாக்டர், இது யாருக்கு வேணும்?"னு கேட்கப் போறவங்களுக்கு: டெங்கு த்ரெட் போன மாசமே போட்டாச்சு. இன்னிக்கு இதுதான்.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு டீமில் ஒன்பது பேர் பேட்டிங் செய்வாங்க. யாருக்குப் பின் யார் என்பதை மேட்சுக்கு முன்னாடியே மேனேஜர் எழுதிக் கொடுத்துடுவார். நம்ம ஊர்ல கோச்னு சொல்றோமே, அவரைத்தான் அங்கே மேனேஜர்ங்கிறாங்க. ஒன்பதாவது ஆள் முடிஞ்சதும் திரும்ப ஒண்ணாவது ஆள். அதனால அவுட் ஆனவனும் அன்னிக்கே மறுபடி வருவான், ஒரு மேட்சுக்கு சுமார் நாலு தடவை. பத்து தடவையில் மூணு ஹிட் அடிச்சா .300 ஆவரேஜ், அவன் ஸ்டார். அதாவது ஏழு தடவை தோற்பவன் ஸ்டார். சீசனுக்கு 162 மேட்ச்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒரு இருபது வயசுப் பையன் மைனர் லீக்கில் அடி அடின்னு அடிச்சுட்டு மேல வர்றான். வந்ததும் ரசிகர்கள் எல்லாரும் ஒரே கேள்விக்காக அடிச்சுக்குவாங்க: அவனை எந்த இடத்துல இறக்கணும்? ரெண்டாவதா, ஆறாவதா, ஒன்பதாவதா? ஒன்பதாவதா இறக்கினா அவமானம்னு ஒரு கூட்டம். மேல இறக்கினா பிரஷர்னு இன்னொரு கூட்டம்.

என் கருத்து, இந்தச் சண்டையே வீண். ஆர்டர்ல ஒரு இடம் கீழே போனா ஒரு முழு சீசனுக்குக் குறையுறது கிட்டத்தட்ட 15–18 வாய்ப்புகள்தான். கணக்குப் போட்டுப் பார்த்தவங்க சொல்றது, மிகச் சிறந்த ஆர்டருக்கும் சாதாரண ஆர்டருக்கும் உள்ள வித்தியாசம் 162 மேட்சில் ஒன்றிரண்டு வெற்றிகளைத் தாண்டாது. டீமின் சிறந்த ஹிட்டரை மூணாவதா இறக்குறதை விட ரெண்டாவதா இறக்குறது நல்லதுங்கிற கணக்கு வந்து ரொம்ப நாளாச்சு. ஆரன் ஜட்ஜ் மாதிரி ராட்சசன் ரெண்டாவதா வர்றது அதனாலதான். சரி, நல்லது. ஆனா ஒரு இளம் ஹிட்டருக்கு அவன் பேர் எத்தனாவது வரியில் இருக்குங்கிறது பெரிசே இல்லை. நாளைக்கும், நாளான்னிக்கும், அடுத்த வாரமும் அந்தத் தாள்ல அவன் பேர் இருக்குமா? அதுதான் அவன் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, ஓபியில் தினமும் பார்க்கிற ஒரு விஷயம். ஒருத்தர் வேகமா படியேறி வந்து உட்கார்ந்ததும் பிபி பார்த்தா 150 காட்டும். உடனே மாத்திரை எழுதிடுவோமா? எழுத மாட்டோம். உட்கார வச்சு மறுபடி பார்ப்போம், இன்னொரு நாள் வரச் சொல்வோம். ஒரு ரீடிங்கை நம்பி ஆயுசுக்கும் மாத்திரை எழுதுறவன் டாக்டர் இல்லை.

பேஸ்பாலில் அதைத்தான் செய்றாங்க. உண்மையான திறமை .270ன்னு வச்சுக்குவோம். அந்த ஆளுக்கு 100 வாய்ப்பு கொடுத்தா 27 ஹிட் வரணும். ஆனா வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது 18ல இருந்து 36 வரைக்கும் ஆடும். 18 வந்தா "இவன் தேறமாட்டான்", 36 வந்தா "அடுத்த வில்லி மேஸ்". ஆள் ஒருத்தன்தான், மட்டையும் அதேதான்.

மைக் ட்ரௌட் 2011ல் 19 வயசுல வந்தான். 40 மேட்ச், ஆவரேஜ் .220. அடுத்த சீசனை மைனர் லீக்கில் ஆரம்பிச்சு, ஏப்ரல் கடைசியில் மேல வந்து .326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு. சிறந்த புதுமுக வீரர் விருது, அதுவும் ஒருமனதா. ஆரன் ஜட்ஜ் 2016ல் 27 மேட்ச் ஆடி .179. ஆடின 84 வாய்ப்பில் 42 ஸ்ட்ரைக் அவுட். சரிபாதி! அந்த ஸ்கோர் கார்டைப் பார்த்திருந்தா நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அடுத்த வருஷம் 52 ஹோம் ரன். 2022ல் 62, அமெரிக்கன் லீக் சாதனை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1951. நியூயார்க்ல அப்போ மூணு டீம். அதில் ரெண்டு டீம்ல ரெண்டு பையன்கள். ஜயன்ட்ஸ் டீமுக்கு வில்லி மேஸ், 20 வயசு. மைனர் லீக்கில் .477 அடிச்சுட்டு மே மாசக் கடைசியில் மேல வர்றான். முதல் 12 வாய்ப்பில் ஒரு ஹிட் கூட இல்லை. அப்புறம் வாரன் ஸ்பான் என்கிற மகா பிட்சரிடம் ஒரு ஹோம் ரன். சரி, விடிஞ்சிருச்சுன்னு பார்த்தா மறுபடி பூஜ்யங்களா வரிசை கட்டுது. 26க்கு 1. பையன் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து அழறான், என்னைத் திருப்பி அனுப்பிடுங்கன்னு கேட்கிறான். மேனேஜர் லியோ டுரோச்சர் வாய்த்துடுக்குக்குப் பேர் போன ஆள், அம்பயர்களோட தினம் சண்டை. அந்த ஆள் அன்னிக்குப் பையன்கிட்ட சொன்னது, நான் இங்கே மேனேஜரா இருக்கிற வரைக்கும் நீதான் என் சென்டர் ஃபீல்டர் என்பதுதான். மேஸ் அந்த சீசனை .274, 20 ஹோம் ரன்னோட முடிச்சு புதுமுக விருது வாங்கினான்.

அதே சீசன், அதே ஊர், யாங்கீஸ் டீம். மிக்கி மேன்டில், 19 வயசு. ஸ்ட்ரைக் அவுட் மேல ஸ்ட்ரைக் அவுட். ஜூலையில் கன்சாஸ் சிட்டிக்கு, மைனர் லீக்குக்கு அனுப்பிட்டாங்க. அங்கேயும் ஆரம்பத்துல அடிக்கல. அப்பாவுக்கு போன் போட்டு, எனக்கு முடியாதுன்னு சொல்றான். அப்பா ஓக்லஹோமாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளி. ஆறுதல் சொல்வார்னு பையன் காத்திருந்தா, அவர் வந்து பெட்டியை எடுத்து பையனோட துணியை அடுக்க ஆரம்பிக்கிறார். வா, வந்து என்னோட சுரங்கத்துல வேலை பாருன்னு. பையன் போகல. அங்கே 40 மேட்சில் .361 அடிச்சு ஆகஸ்ட்ல திரும்ப வந்துட்டான்.

ஒருத்தனை வச்சுக்கிட்டாங்க, ஒருத்தனைக் கீழே அனுப்பினாங்க. ரெண்டுமே சரியா வந்துச்சு. இதுல எது சரியான முறைன்னு விவாதம் பண்ணுவாங்க. நான் பார்க்கிறது வேற: ரெண்டு பேருமே தினமும் ஆடினாங்க. மேலயோ கீழயோ, தினமும் நாலு தடவை மட்டையோட நின்னாங்க. பெஞ்ச்ல யாரும் உட்காரல.

இதனாலதான் 2024ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஜாக்சன் ஹாலிடேயைக் கீழே அனுப்பினப்போ எனக்குக் கோபம் வரல. 2022 டிராஃப்ட்டில் நாட்டிலேயே முதல் ஆளா எடுக்கப்பட்ட பையன். இருபது வயசு. ஒன்பதாவதா இறக்கினாங்க. 34 வாய்ப்பில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். ஹிட் எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் விளையாடும்னு மேலே சொன்னேன். ஆனா ஸ்ட்ரைக் அவுட் அப்படி இல்லை, அது சீக்கிரமே உண்மையைச் சொல்லிடும். பந்து மட்டையில படவே இல்லைன்னா அது துரதிர்ஷ்டம் இல்லை, ஏதோ தெரியலைன்னு அர்த்தம். நார்ஃபோக்குக்கு அனுப்பினாங்க, அங்கே தினமும் ஆடினான். ஜூலை 31ல் திரும்ப வந்த அன்னிக்கே, மூணு பேஸும் நிறைஞ்சிருக்கும்போது ஹோம் ரன். அப்புறமும் திணறினான், வருஷக் கடைசியில் .189தான். ஆனா 2025ல் தினமும் ஆடினான், 17 ஹோம் ரன்.

எனக்குக் கோபம் வர்றது மூணாவது வழி மேலதான். மேல கூட்டிட்டு வந்து, வாரத்துக்கு மூணு நாள் ஆட விட்டு, மிச்ச நாள் பெஞ்ச். முக்கியமா இடது கை ஹிட்டர்களுக்கு இது நடக்கும். எதிர் டீம்ல இடது கை பிட்சர் வந்தா இவன் உட்காரணும். காரணம் நியாயம்தான்: இடது கை ஹிட்டருக்கு இடது கை பிட்சரோட பந்து முதுகுப் பக்கத்திலிருந்து வர்ற மாதிரி தெரியும், கணிக்கக் கஷ்டம். 33 வயசு ஆளை அப்படி உட்கார வச்சா சரி, அவர் இனிமே கத்துக்கப் போறதில்லை. 21 வயசுப் பையனை உட்கார வச்சா? "இவனுக்கு இடது கை பிட்சரை அடிக்க வராது"ன்னு சொல்லி உட்கார வைப்பாங்க. உட்கார்ந்தே இருக்கிறதால அடிக்க வராமலே போகும். அப்புறம் "பாத்தீங்களா, நாங்க சொன்னது சரி"ம்பாங்க.

இது எனக்கு நடந்திருக்கு. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு கைக்குழந்தைக்கு வென்ஃப்ளான் போடச் சொன்னாங்க. மூணு தடவை குத்தினேன், கிடைக்கல. குழந்தை அலறுது, அம்மா என்னை எரிக்கிற மாதிரி பார்க்கிறாங்க. சீனியர் வந்து என்னை நகர்த்திட்டு அவரே போட்டார். அது சரி, அந்த நேரத்துக்கு அதுதான் சரி. ஆனா அன்னிலேருந்து "தம்பி, நீ பெரியவங்களைப் பாரு"ன்னுட்டாங்க. அந்த போஸ்டிங் முழுக்க எனக்குக் கைக்குழந்தையே வரல. நானும் உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கு.

அப்புறம் முதல் வேலை, ஒரு பிஹெச்சி. ராத்திரி ஒன்றரைக்கு ஒரு பாட்டி எட்டு மாசக் குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க. வாந்தி, வயித்துப்போக்கு, கண்ணு உள்ளே போயிருக்கு, வெயின் எல்லாம் ஒட்டிப்போயிருக்கு. அங்கே சீனியர் கிடையாது. என் கை நடுங்குச்சு. இருபது வருஷ சர்வீஸ் சிஸ்டர் ஒருத்தங்க, "சார், லைட்டைப் பிடிங்க"ன்னு சொல்லிட்டு தலையில ஒரு வெயினைப் பிடிச்சுப் போட்டாங்க. குழந்தை நல்லாயிடுச்சு. அடுத்த மாசம் முழுக்க அந்த சிஸ்டர் என்னைப் போட வச்சாங்க, பக்கத்துல நின்னுக்கிட்டு. பதினஞ்சு, இருபது குழந்தைக்கு அப்புறம்தான் கை நடுக்கம் நின்னுச்சு.

பெஞ்ச்ல இருக்கிற இடது கைப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்றரை மணி ராத்திரிதான் ஞாபகம் வரும். அக்டோபர் பிளே ஆஃப்ல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல எதிர் டீம் ஒரு இடது கைப் பிட்சரை இறக்குவான். வேற ஆள் இல்லாம இவனையே அனுப்புவாங்க. அன்னிக்கு அவன் ஸ்ட்ரைக் அவுட் ஆனா தப்பு யாரோடது?

எதிர்க் கேள்வி வரும்: தினமும் ஆட விட்டா எல்லாரும் ட்ரௌட் ஆயிடுவாங்களா? இல்லை. ஜாரெட் கெலனிக்னு ஒரு பையன், சியாட்டில் டீம். 2021ல் 21 வயசுல பெரிய ஆர்ப்பாட்டத்தோட வந்தான். தொடர்ந்து 39 வாய்ப்பில் ஒரு ஹிட் இல்லை. வருஷ முடிவில் .181, அடுத்த வருஷம் .141. 2023ல் கொஞ்சம் தேறி வந்தப்போ, ஒரு ஸ்ட்ரைக் அவுட் கோபத்துல வாட்டர் கூலரை உதைச்சு பாதத்துல எலும்பை முறிச்சுக்கிட்டான். பேட்டியில கண் கலங்கி மன்னிப்புக் கேட்டான். கூலரை உதைச்ச கேஸ் எங்க கேஷுவாலிட்டிக்கு வந்ததில்லை. சுவத்தைக் குத்தின கேஸ் மாசத்துக்கு ரெண்டு வரும், பெரும்பாலும் அரியர் ரிசல்ட் வர்ற வாரம். கெலனிக் நிறைய வாய்ப்பு கிடைச்சும் ஸ்டார் ஆகல. அப்படியும் நடக்கும். ஆனா அவனைப் பத்தி இன்னிக்கு நாம பேசறது ஊகம் இல்லை, ஆடிப் பார்த்துத் தெரிஞ்சது.

சில சமயம் கீழே வைக்கிறது ஆட்டத்துக்காகவே இல்லை, காசுக்காக. 2015ல் சிகாகோ கப்ஸ் டீம் கிரிஸ் பிரையன்டை சீசன் ஆரம்பத்துல சில நாள் மைனர் லீக்கிலேயே வச்சிருந்தது. ஒரு வருஷ சர்வீஸுக்கு 172 நாள் வேணும், அவனுக்கு 171 வந்துச்சு. ஒரே ஒரு நாள் குறைவு, அதனால டீமுக்கு அவன் மேல இன்னொரு வருஷ உரிமை. புகார் கொடுத்தான், 2020ல் தீர்ப்பு அவனுக்கு எதிரா வந்துச்சு. முதல் மேட்சில் அவன் நாலுக்கு பூஜ்யம், மூணு ஸ்ட்ரைக் அவுட். அந்த வருஷப் புதுமுக விருதும் அவனுக்குத்தான். சர்வீஸ் கணக்குல ஒரு நாள் உதைக்கிற வலி அரசு ஊழியர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

நான் மேனேஜரா இருந்தா (ஒரு பேச்சுக்குத்தான், சண்டைக்கு வராதீங்க) பையனை ஏழாவதா இறக்குவேன். 200 வாய்ப்பு வரைக்கும் ஆவரேஜை பார்க்க மாட்டேன்னு அவன்கிட்டயே முதல் நாள் சொல்லிடுவேன். ஸ்ட்ரைக் அவுட் எத்தனை, தப்பான பந்தை விடறானா, பட்ட பந்து எவ்வளவு பலமா போகுது, இதை மட்டும் பார்ப்பேன். இடது கை பிட்சர் வந்தாலும் அவன்தான். பந்து மட்டையில படவே இல்லைன்னா கீழே அனுப்புவேன், ஆனா அங்கே தினமும் ஆடணும்னு சொல்லி அனுப்புவேன். "டீம் ஜெயிக்க வேணாமா?"ன்னு கேட்டா, ஏழாவது இடத்துல ஒரு பையன் திணறுறதால 162 மேட்சில் போகிற வெற்றிகள், அங்கே ஒரு சுமாரான 34 வயசு ஆளை வைக்கிறதால வர்ற வெற்றிகளை விட ரொம்ப அதிகமா இருக்காது. அந்த 34 வயசு ஆள் அடுத்த வருஷம் இருக்கவும் மாட்டார்.

இன்னிக்கும் நைட் டியூட்டி. நாலரைக்கு ஒரு மேட்ச் இருக்கு, எதிர் டீம் பிட்சர் இடது கை. லைன்-அப் வந்ததும் முதல்ல அந்தப் பையன் பேரைத்தான் தேடுவேன்.