கம்பம் பஸ்ஸோடு கணக்குத் தீராது

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்தால் சக்குபள்ளம், ஆனக்கரைப் பக்கம் பழைய தரை பெயர்ந்து புது டைல்ஸ் ஏறும். பெயர்க்கும் கைகளில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி வந்த நம்மவர் கைகள் அநேகம்.

உளி பட்டுத் தெறிக்கும் டைல்ஸ் சில்லு கண்ணாடிபோல் அறுக்கும். தசைநார் அறுந்துவிட்டால், தைக்காத வரை தோல் ஆறினாலும் விரல் மடங்காது. கட்டிங் மெஷினோ இன்னும் கொடியது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுழலும் பிளேடின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியுமாம்! யாருடைய வேலை?

விரல் போனதும் நடப்பதை எல்லோரும் அறிவோம். ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்வார்கள். கட்டுப் போட்டு, செலவுக்கு ஏதோ கொடுத்து, கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். "நாள்கூலிதானே, அவன் கவனக்குறைவுதானே" என்பார் காண்டிராக்டர்.

இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. 1968-ல் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து இடக்கையை இழந்தார். அவர் தற்காலிகக் காண்டிராக்டர், தவறும் அவருடையதே என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975-ல் தீர்ப்பாயிற்று. இழப்பீடு 9,800 ரூபாய். அதோடு அபராதமும் வட்டியும்.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியல் பெருவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று எழுதியது. உளி பிடிப்பவனுக்குப் பெருவிரல் வெறும் முப்பதுதானா என்று வாதாட அந்தத் தீர்ப்பு வழிவிடுகிறது. தற்காலிக வேலையாள் என்று ஒதுக்கும் வாசகம் 2000-லேயே நீக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்ந்துவிட்டது, உரிமை போய்விடவில்லை.

தோழர்களே, துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரே ஐஸில் படக்கூடாது. டாக்டரிடம் வேலைத்தளத்தில் அடிபட்டது என்றே சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். கூட வேலை செய்தவர் சாட்சி சொல்லத் தயங்கலாகாது. நாளை அவர் விரலுக்கும் சாட்சி வேண்டியிருக்கும்.

கட்டோடு ஊர் திரும்பியவர்களின் வீட்டாருக்கும் ஒரு சொல். விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். அதற்காக மறுபடி மலையேற வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய இழப்பீட்டு ஆணையரிடமே கொடுக்கலாம்.